பதினோராவது கடை

பத்துக் கடைகள் உள்ள தெருவில் பதினோராவது கடையைத் திறக்கப் போகிறவனைப் பார்த்து உலகம் இருவிதமாகப் பேசும். "இத்தனை பேர் இருக்கும் இடத்தில் உனக்கு என்ன மிஞ்சப் போகிறது?" என்று கேட்பவர் ஒரு சாரார். "பத்துப் பேர் பிழைக்கிற தெருவில் பதினோராவது ஆள் பிழைக்க மாட்டானா?" என்று தைரியம் சொல்பவர் மற்றொரு சாரார். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. இரண்டையும் கேட்டுக்கொண்டு, தன் கைப்பணத்தைப் போடப் போகிறவன்தான் இரவில் உறக்கமின்றிப் புரள வேண்டியிருக்கிறது.

அவ்வாறு சில மாதங்கள் புரண்டவர்கள் நாங்கள். பெங்களூரில் வாழும் மூன்று தமிழ்க் குடும்பத்தினர். எங்களுள் இருவர் மென்பொருள் நிறுவனங்களில் பல ஆண்டுகளாக உத்தியோகம் பார்ப்பவர்கள். மூன்றாமவர், குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு, இப்போது மீண்டும் தொழிலுக்குத் திரும்ப விரும்பும் பெண்மணி. நிரல் எழுதுவதில் எங்கள் இருவரையும்விடத் தேர்ந்தவர். பிறருக்காக எழுதியது போதும், சொந்தமாக ஒரு மென்பொருளைச் செய்து விற்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அதற்கென நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், பணிகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். அஃதாவது, இன்ன வேலையை இன்னார் இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று குறித்து வைத்து, முடிந்ததா இல்லையா என்று காட்டும் கருவி.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இத்துறையில் இருப்போர் பலர். அவர்களுள் சிலருக்கேனும் இதே ஆசை உள்ளத்தின் ஒரு மூலையில் இருக்கும். ஆதலின், நாங்கள் யோசித்த வழியையும் வந்து சேர்ந்த முடிவையும் எழுதிவைப்பது பயனுடையது என்று கருதினோம்.

முதலில் இந்தத் தெருவில் எத்தனை கடைகள் என்று எண்ணிப் பார்த்தோம். வேலைகளைக் கால வரிசைப்படி கோடுகளாக வரைந்து காட்டும் முறைக்கு அமெரிக்கரான ஹென்றி காண்ட் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கத் தொடங்கியது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர், ஒரு பிரிவுக்குத் தேவையானதை முந்திய பிரிவுக்கு அட்டைகள் மூலம் தெரிவிக்கும் முறையை வளர்த்தார். கான்பான் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. கணினி வந்தபின் 1984-இல் மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் வந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இளைஞர் இருவர் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா, 2004-இல் சிகாகோவின் பேஸ்கேம்ப், 2005-இல் ரிமெம்பர் த மில்க், 2006-இல் நம் சென்னையில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் பிராஜெக்ட்ஸ், 2007-இல் டூடுயிஸ்ட், 2011-இல் டிரெல்லோ என்று வரிசை நீண்டது. ஆசானா, மண்டே, நோஷன், கிளிக்அப், லீனியர் என்று இன்னும் பல. கூகுளும் மைக்ரோசாஃப்டும் பட்டியல் எழுதும் செயலிகளை இலவசமாகவே தருகின்றன. நாங்கள் எண்ணத் தொடங்கிய தாள் ஒரு பக்கம் நிறைந்து மறு பக்கமும் போயிற்று. பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

இவ்வளவு நெருக்கம் ஏன்? காரணம் எளியது. இதைச் செய்வது எளிது. நிரல் எழுதக் கற்பவன் முதற்பாடமாகச் செய்து பார்ப்பவற்றுள் ஒன்று பணிப் பட்டியல். வெவ்வேறு நிரல் கட்டமைப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஒரே பணிப் பட்டியலை ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருக்கும் டூடு எம்விசி என்ற பொதுத் திட்டமும் உண்டு. போதாக்குறைக்கு இன்று செயற்கை நுண்ணறிவின் துணையால் நிரலின் பெரும்பகுதியைச் சில நாட்களில் எழுதிவிட முடிகிறது. வாயில் அகலமாக இருக்கும் வீட்டில் கூட்டம் சேர்வது இயற்கை. செய்ய முடியுமா என்பது இங்கே கேள்வியே அன்று. செய்ததை வாங்குவார் உண்டா என்பதே கேள்வி.

தைரியம் சொல்வோர் பக்கத்தை முதலில் ஆராய்ந்தோம். நெருக்கம் என்பது தேவைக்குச் சாட்சி. ஆளில்லாத தெரு பல சமயங்களில் வாங்குவோரும் இல்லாத தெருவாகவே இருக்கும். 1994-இல் யாஹூவும் 1995-இல் ஆல்டாவிஸ்டாவும் வந்துவிட்ட பிறகு, 1998-இல்தான் கூகுள் நிறுவனம் தோன்றியது. சென்னையில் 2010-இல் கிரீஷ் மாத்ருபூதம் தம் நண்பருடன் ஃபிரெஷ்டெஸ்கைத் தொடங்கியபோது, வாடிக்கையாளர் குறைதீர்க்கும் மென்பொருள் துறையில் ஜென்டெஸ்க் முதலியவை முன்பே காலூன்றியிருந்தன. ஆயினும் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. டூடுயிஸ்டைத் தொடங்கிய அமீர் சாலிஹெஃபெண்டிச் என்பவரோ, டென்மார்க்கில் மாணவராக இருந்தபோது தம் சொந்த வேலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள அதை எழுதினார். வெளியார் முதலீட்டை நாடாமலே அதனை வளர்த்தார்.

இவற்றைப் படித்த அன்று எங்களுக்கு உற்சாகம் கரைபுரண்டது. மறுவாரம் மறுபக்கத்தைப் படித்தோம்.

பெர்லின் நகரில் கிறிஸ்டியன் ரேபர் என்பவரும் அவர் தோழர்களும் 2010-இல் வெளியிட்ட வுண்டர்லிஸ்ட் என்ற செயலியைப் பல நாட்டினர் விரும்பிப் பயன்படுத்தினர். 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2017-இல் அதற்கு மாற்றாகத் தன் சொந்தச் செயலியை வெளியிட்டது. 2020 மே 6 அன்று வுண்டர்லிஸ்ட் மூடப்பட்டது. மூடுவதற்கு முன்னர், தாம் விற்ற பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புவதாக ரேபர் வெளிப்படையாகவே கேட்டார், கிடைக்கவில்லை. அவரே மறுபடியும் சூப்பர்லிஸ்ட் என்று வேறொன்றைத் தொடங்கி 2024-இல் பொதுமக்களுக்கு அளித்தார். தன் கையால் வளர்த்த பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டுத் தவித்த தகப்பனின் நிலை அது.

பெரியவர்களின் கணக்கும் அப்படியொன்றும் இனிப்பாக இல்லை. ஃபேஸ்புக்கின் கூட்டு நிறுவனர்களுள் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸ் தொடங்கிய ஆசானா, 2024 ஜனவரியுடன் முடிந்த கணக்காண்டில் சுமார் 65 கோடி டாலர் வருவாய் பெற்றது. அவ்வாண்டில் அதன் நஷ்டம் சுமார் 26 கோடி டாலர். டிரெல்லோவை 2017-இல் அட்லாசியன் 42.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அஃதாவது, தனிக் கடையாக நிற்காமல் பெரிய கடையின் ஓர் அறையாகச் சேர்ந்துவிட்டது. யானை விழுந்தாலும் எழுந்து நிற்கப் பாகன்கள் உண்டு. எங்களைப் போன்ற ஆட்டுக்குட்டிகள் விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்?

இங்கே நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். கரையேறியவர்களின் கதைகள்தாம் நம் காதில் விழுகின்றன. மூழ்கியவர்கள் பெயரின்றிப் போகிறார்கள். எனவே வென்றவர்களின் வரலாற்றை மட்டும் படித்து நாமும் வெல்வோம் என்று எண்ணுவது, லாட்டரியில் பரிசு பெற்றவனின் படத்தைப் பார்த்துச் சீட்டு வாங்குவதை ஒக்கும். அவ்வரலாற்றில் பயன்படக்கூடியது ஒன்றுண்டு. அவர்கள் யாருக்காகச் செய்தார்கள் என்று பார்த்தால், பேஸ்கேம்பைச் செய்தவர்கள் தம் வடிவமைப்புத் தொழிலுக்கு வேண்டி முதலில் தமக்காகவே செய்தனர்; டூடுயிஸ்டும் அப்படியே. "எல்லோருக்கும்" என்று தொடங்கியவர்களைவிட, "இன்னாருக்கு" என்று தொடங்கியவர்களுக்கு வழி கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கிறது.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்த வரிசை, இப்போதுதான் ஒரு வியாபாரியின் கணக்குப் புத்தகம்போல் எங்களுக்குத் தோன்றிற்று. வேலையின் தன்மை, கையிருப்பு, காலம், இடம் ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்கத் தீர்மானித்தோம்.

கையிருப்பு மூவருக்கும் சேர்த்து ரூ. 18 லட்சம். இது சும்மா கிடந்த பணம் அன்று. ஒரு குடும்பத்தில் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போக இருக்கும் மகளுக்கென்று வைத்தது. இன்னொரு குடும்பத்தில் வீட்டு முன்பணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. இருவர் வேலையை விட்டால், வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்புவது எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு ரூ. 70 ஆயிரம் வீதம் மாதம் ரூ. 1.4 லட்சம். கணினிச் சேவை முதலிய செலவுக்கு ரூ. 10 ஆயிரம். ஆக மாதம் ரூ. 1.5 லட்சம்; பன்னிரண்டு மாதங்களில் பெட்டி காலி.

ஓர் ஆளுக்கு மாதம் ரூ. 150 என்று விலை வைத்தால், செலவுக்கு மட்டும் ஈடுகட்ட ஆயிரம் பேர் பணம் கொடுக்க வேண்டும். இலவசமாகப் பழகிப் பார்ப்பவர்களில் ஐம்பதில் ஒருவர் பணம் கட்டுவார் என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பதாயிரம் பேரை அழைத்து வர வேண்டும். இணையத்தில் விளம்பரம் செய்து அத்தனை பேரை அழைத்து வருவதற்கு, நிரல் எழுதும் செலவைவிடப் பன்மடங்கு ஆகும். பெரிய நிறுவனங்களுக்கு நஷ்டம் எங்கே வருகிறது என்பது அப்போது ஓரளவு விளங்கிற்று.

இந்தக் கணக்கோடு நாங்கள் சோர்ந்திருந்தபோது, எங்களுள் ஒருவரின் மாமனார் சொன்ன சொல் வழிகாட்டிற்று. அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் பெங்களூருக்கு வந்து, அல்சூர்ப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் மெஸ் நடத்தியவர். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, அந்தத் தெருவிலே அப்பவே ஏழு ஓட்டல் இருந்தது. நான் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முந்தி பதினைந்து நாள் அந்த ஏழு ஓட்டல் வாசலிலும் போய் நின்றேன். உள்ளே போகிறவனை நான் பார்க்கவில்லை. சாப்பிடாமல் வெளியே வருகிறவனைப் பார்த்தேன். மில் ஷிஃப்ட் முடிந்து பத்தரை மணிக்கு வருகிறவனுக்கு எங்கேயும் சோறு இல்லை. அவனுக்காகத்தான் நான் கடை போட்டேன். நீங்கள் யார் வாசலில் போய் நின்றீர்கள்?" என்றார்.

யார் வாசலிலும் நாங்கள் நின்றிருக்கவில்லை. அடுத்த மூன்று வாரங்கள், அலுவலக நேரம் போக எஞ்சிய மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் அந்த வேலையையே செய்தோம். தெரிந்தவர் மூலமாக ஏழு இடங்களுக்குப் போனோம். எதையும் விற்கப் போகவில்லை. "உங்கள் வேலைகளை இப்போது எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு மென்பொருள் அலுவலகத்தில், தாங்கள் பயன்படுத்தும் கருவியைப் பற்றி ஒரு மணி நேரம் குறை கூறினார்கள். பக்கம் திறக்கத் தாமதம், எங்கே எதை அழுத்துவது என்று தெரியவில்லை என்றெல்லாம் அடுக்கினார்கள். எங்களுக்கு உள்ளூர மகிழ்ச்சி. "இதைவிட நல்லது ஒன்று வந்தால் மாறுவீர்களா?" என்று கேட்டோம். "எப்படி மாற முடியும்? நான்கு வருஷத்துப் பதிவுகள் இதில்தானே இருக்கின்றன!" என்றார் நிர்வாகி. மாமியாரைப் பற்றிக் குறை சொல்பவரெல்லாம் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. குறை கூறுவது வேறு; மாறுவது வேறு.

கல்யாணச் சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் போனோம். ஒரு முகூர்த்தத்துக்கு நூற்றுக்கணக்கான வேலைகள். பால் சொல்லுவது முதல் வாழையிலை வரை எல்லாம் அவர் தலையிலும், மடித்துச் சட்டைப்பையில் வைத்த ஒரு நோட்டிலும் இருந்தன. அவருடைய ஆட்கள் தமிழ், கன்னடம், இந்தி என்று மூன்று மொழி பேசுவோர். அவர்களில் பலர் தட்டச்சு செய்து பழகாதவர். வாட்ஸ்அப்பில் குரலாகவே கட்டளை போகும், குரலாகவே பதில் வரும். அவருக்குப் பட்டியல் தேவையாயிருக்கவில்லை. "ஆச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று பதில் வர வேண்டும், அவ்வளவே. அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதை அவர் நினைத்தும் பார்க்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், தச்சு வேலை எடுத்துச் செய்பவர், தனிப்பயிற்சி நிலையம் ஆகிய மூன்றிலும் ஏறக்குறைய இதே நிலைதான். எங்கள் போட்டியாளர் ஜிராவும் அல்லர், ஆசானாவும் அல்லர்; காகிதமும் வாட்ஸ்அப்பும் முதலாளியின் ஞாபகசக்தியும்தாம் என்று அறிந்தோம். அம்மூன்றும் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருப்பவை.

எஞ்சிய இரண்டு இடங்கள் தணிக்கையாளர் அலுவலகங்கள். அங்கேதான் எங்கள் சிந்தனை திரும்பிற்று.

2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், தணிக்கையாளரின் மாதம் தேதிகளால் கட்டப்பட்டிருக்கிறது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகருக்கு, 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம். 20-ஆம் தேதிக்குள் வரியுடன் சுருக்கக் கணக்கு. பிடித்த வருமான வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒரே அலுவலகத்தில் இருவகை வாடிக்கையாளரும் இருப்பர். சுருக்கக் கணக்குத் தாமதமானால் நாளொன்றுக்குப் பொதுவாக ரூ. 50 கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு.

அந்த அலுவலகத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. இடப்பக்கம் எண்பது வாடிக்கையாளர் பெயர்கள்; மேலே தாக்கல் செய்ய வேண்டியவை; கட்டங்களில் பச்சையும் சிவப்பும். அதன் முன் பத்து நிமிடம் நின்றோம். சிவப்புக் கட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அலுவலகத்தில் இருப்பவர் யாரும் காரணமல்லர். "மளிகைக் கடைக்காரர் பில் அனுப்பவில்லை", "பாத்திரக் கடையிலிருந்து வங்கிக் கணக்கு வரவில்லை" என்பனவே காரணம். வேலை முடங்கிக் கிடப்பது மேசைக்கு வெளியே. மாதத்தின் 8-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை, பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் இருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அங்கே உண்மையான பணி.

அந்தத் தணிக்கையாளர் முன்பு ஒரு வெளிநாட்டுச் செயலியை வாங்கியிருந்தார். இரண்டே மாதத்தில் அது கேட்பாரற்றுப் போயிற்று. "வேலையைச் செய்யவே நேரமில்லை, செய்ய வேண்டிய வேலையை எழுதி வைக்க நேரம் ஏது?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "மாதம் பிறந்தவுடன் பட்டியல் தானாக எழவேண்டும். கடைக்காரருக்கு அவர் மொழியில், அவர் பார்க்கிற இடத்தில் நினைவூட்டல் போகவேண்டும். அவர் பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் அவர் பெயரில் போய்ச் சேரவேண்டும். இதைச் செய்தால் ஒரு பையனின் அரைச் சம்பளத்தை மிச்சம் பிடித்து உங்களுக்குக் கொடுப்பேன்." மெஸ் வாசலில் பத்தரை மணிக்குச் சோறின்றித் திரும்பிய மனிதரை நாங்களும் ஒருவழியாகக் கண்டுவிட்டோம்.

ஆயினும் அங்கும் தெரு காலியாக இல்லை. தணிக்கை அலுவலகங்களுக்கென்றே செய்த மென்பொருள்கள் நாட்டில் சில உண்டு. ஆனால் பத்துப் பேருக்கும் குறைந்த சிறு அலுவலகங்கள், தமிழும் கன்னடமும் பேசும் கடைக்காரர்களை வாடிக்கையாளராகக் கொண்டவை, இன்னும் பலகையையும் எக்செலையும் நம்பியிருப்பதை நேரில் கண்டோம். மூன்று மொழிக்கும் நடுவே வாழ்வது புலம்பெயர்ந்த நமக்குப் பழகிய வாழ்க்கை. பெரிய நிறுவனங்கள் தம் பட்டியலில் கடைசியாக வைக்கும் வேலை எங்களுக்கு முதல் வேலையாக இருக்கலாம்.

கண்ட பின்னரும் எங்களுக்குள் கருத்து ஒன்றாகவில்லை. ஒருவர் உடனே இறங்கவேண்டும் என்றார். மற்றவர் தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் அச்சமன்று. அவருடைய தந்தையார் இருதய நோயாளி. அலுவலகம் அளிக்கும் கூட்டு மருத்துவக் காப்பீட்டில்தான் அவரும் இருக்கிறார். வேலையை விட்டால் அந்தக் காப்பீடும் போகும். புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்க்குக் காப்பு வர மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்க நேரலாம். எழுபது வயது மனிதரை மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அன்று இரவு அதைப் பற்றிப் பேசியபோது எங்கள் வீட்டுப் பெண்கள் கூறியதே நியாயமாகப் பட்டது. "யாருக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று பார்த்து வேலையை விடாதீர்கள். யார் விட்டால் யாருக்கு ஆபத்து என்று பார்த்து விடுங்கள்" என்றனர். அவ்வாறே செய்தோம்.

மூன்றாமவராகிய பெண்மணி மற்றொரு தடையையும் எடுத்துக்காட்டினார். வாட்ஸ்அப் வழியாக நிறுவனங்கள் நினைவூட்டல் அனுப்பச் செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அந்நிறுவனம் விதியை மாற்றினால் நாமும் மாறவேண்டும். அடுத்தவர் திண்ணையில் கடை போடுகிறவன், வீட்டுக்காரர் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் முதலிலேயே வழி வைக்கவேண்டும் என்றார். பிறருடைய பில்களையும் வங்கிக் கணக்குகளையும் கையில் வைத்திருப்பது விளையாட்டன்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிந்துதான் தொடங்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். உத்தியோகத்தில் இருக்கும் இருவரும் தத்தம் நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்தோம். வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக்கூடாது என்ற விதி இருவருடையதிலும் இருந்தது. ஆகவே, முறைப்படி விலகிய நாளுக்கு முன் ஒரு வரி நிரலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம்.

நிற்க. எல்லோர்க்குமான பணிப் பட்டியல் மென்பொருளைச் செய்வதில்லை என்பது எங்கள் முதல் முடிவு. அந்தத் தெருவில் பதினோராவது கடையை நாங்கள் திறக்கவில்லை. சிறு தணிக்கை அலுவலகங்களுக்கு மட்டுமான ஒன்றைச் செய்து பார்ப்பது இரண்டாவது முடிவு. அதற்கும் முன்னால் ஒரு சோதனை வைத்தோம். மேலும் ஒன்பது அலுவலகங்களுக்குப் போய், மொத்தம் பதினொரு பேரிடம் காகிதத்தில் வரைந்த படங்களைக் காட்டினோம். அலுவலகத்துக்கு மாதம் ரூ. 2,500 விலை, இப்போதே ஆறு மாதத்துக்கு முன்பணம் தருபவர்க்குப் பாதி விலை, அஃதாவது ரூ. 7,500, நாங்கள் செய்து முடிக்காவிட்டால் பணம் முழுதும் திரும்பத் தரப்படும் என்று எழுத்தில் கொடுத்தோம். நல்ல யோசனை என்று தலையசைத்தவர் எட்டுப் பேர். பணம் கொடுத்தவர் மூவர். அந்த ரூ. 22,500 எந்தச் செலவுக்கும் போதாது. ஆனால் எட்டுத் தலையசைப்பைவிட மூன்று ரசீதுக்கு எடை அதிகம்.

ஒருவர் மட்டும் வேலையை விடுகிறார். பெண்மணி முழுநேரமும் சேர்கிறார். அவர் கணவர் உத்தியோகத்தில் தொடர்வதால் அவ்வீட்டுக்கு மாதம் ரூ. 15 ஆயிரம் போதும் என்றார். தந்தையார் காப்பீட்டில் இருப்பவர் வேலையிலேயே இருக்கிறார். முதல் வீட்டுக்கு ரூ. 70 ஆயிரம், மற்றச் செலவு ரூ. 10 ஆயிரம், ஆக மாதம் ரூ. 95 ஆயிரம். ஆறு மாதத்துக்கு ரூ. 5.7 லட்சம். ரூ. 6 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. மகளின் கல்லூரிப் பணம் தனி வைப்பில் போடப்பட்டுவிட்டது. அதைத் தொடும் உரிமை அந்த வீட்டு அம்மாளிடம் மட்டும் இருக்கிறது. முப்பத்தெட்டு அலுவலகங்கள் முழு விலை கொடுத்தால் செலவும் வரவும் ஈடாகும். ஆயிரம் பேரைத் தேடுவதைக் காட்டிலும் முப்பத்தெட்டு வாசற்படி ஏறுவது எங்கள் காலுக்கு எட்டும் தூரம்.

நிறுத்தவேண்டிய இடத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். ஆறாவது மாத முடிவில் பத்து அலுவலகங்களாவது பணம் கட்டிப் பயன்படுத்தவில்லையானால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உத்தியோகம் தேடிக்கொள்வது. இதை மூவரும் மூன்று வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் கையெழுத்திட்டோம். தொடங்கும்போது தெளிவாக இருக்கும் அறிவு, பணம் போட்டபின் மங்கிவிடும். ஊரை விட்டு வந்த நமக்கு, நஷ்டப்பட்டால் போய் உட்கார நிலமோ கடையோ பின்னால் இல்லை. ஆதலின் எதுவரை போவது என்பதைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்வது நமக்கு மிகவும் அவசியம்.

இவ்வாசை உடைய அன்பர்களுக்கு நாங்கள் கூறக்கூடியது இவ்வளவே. சந்தையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை, அச்சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்புபவர் யார் என்று பார்ப்பதற்குக் கொடுங்கள். அவர் இப்போது எதைக் கொண்டு சமாளிக்கிறார், அதற்கு என்ன செலவு செய்கிறார், உங்கள் பொருளுக்காக எதை விடுவார் என்று கேளுங்கள். பாராட்டை வாங்கிக்கொள்ளுங்கள்; கணக்கில் மட்டும் அதை வரவு வைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் தொகையையும் கெடுவையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலையை விட்ட நண்பரின் கடைசி அலுவலக நாள் சென்ற மாதத்தோடு முடிந்தது. இந்த மாதம் 8-ஆம் தேதி தொடங்கி 20-ஆம் தேதி வரை, முன்பணம் கொடுத்த முதல் அலுவலகத்திலேயே அவர்கள் இருவருக்கும் ஒரு சிறு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் பலகைக்கு எதிரிலேயே அந்த மேசை.